தோளில் கிடந்த தலைப்பாகை

என் தகப்பனாருக்குப் பச்சைத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள்.

கைப்பேசியில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பச்சைதான். நல்ல வாழையிலைப் பச்சை.

"எடுப்பாத்தான் இருக்கு," என்றாள் என் மனைவி குணசுந்தரி, என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி. "மாமா மொகத்துக்குப் பொருத்தமான கலரு."

"அது எதிர்க்கட்சி கலர்."

"எந்தக் கட்சிங்க? எலெக்‌ஷன்தான் முடிஞ்சிருச்சே."

என் தகப்பனார் ராமையாவின் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் கேட்கிற கேள்வியா இது? அவளுக்குச் சொல்லிப் பயனில்லை. ஆனால் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு அருகே இரட்டைப்பாலத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே ஒவ்வொரு மாசியிலும் காமன் பண்டிகை நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதனை அவர் நெற்றிக்கண்ணைத் திறந்து எரித்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காமனுக்கு வைக்கோலில் உருவம் கட்டி நெருப்பு வைப்பார்கள். அதன் பிறகுதான் உண்மையான திருவிழா. இரண்டு கட்சி எதிரும் புதிருமாக உட்காரும். காமன் எரிந்துதான் போனான் என்பது எரிந்த கட்சி. எரியவே இல்லை என்பது எரியாத கட்சி. டேப்பு என்கிற தோல்பறையைத் தட்டிக்கொண்டு ஒரு கட்சி பாட்டாகவே கேள்வி கேட்கும், மற்றது பாட்டாகவே பதில் சொல்லும். இதற்கு லாவணி என்று பெயர். எங்கள் தோட்டத்தில் எரிந்த கட்சிக்குச் சிவப்புத் தலைப்பாகை, எரியாத கட்சிக்குப் பச்சை. என் தகப்பனார் எரிந்த கட்சியின் தலைவர். லாவணி ராமையா என்றால் பாலிங் வரைக்கும் தெரியும்.

அவருக்குத்தான் பச்சை.

தோட்டம் இன்று இல்லை. அங்கே எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை நிற்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மட்டும் அதே பெயரோடு பீடோங் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. அந்தப் பள்ளியின் சரித்திர ஆசிரியை ஃபெலிசியா, 'கெடா பெட்டி' என்று ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். கெடாவின் சரித்திரத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்காமல் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்துப் படிப்பதற்கான பெட்டி. துணியில் தைத்த மாநில வரைபடம், பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கற்கோயில்களின் படம், நிழற்கூத்துப் பொம்மை, பால்மரம் சீவும் கத்தியின் மரத்தால் செய்த மாதிரி, கும்மிப் பாட்டுப் பதிவு, இவற்றோடு பெரிய பெரிய அட்டைகள். அதில் ஓர் அட்டை காமன் பண்டிகைக்கு. இந்தப் பெட்டி கெடாவில் உள்ள மற்றத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் போகிறது என்று சொன்னார்கள். அதனால்தான் வீட்டுச் சுவரில் இருந்த என் தகப்பனாரின் ஒரே படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தலைப்பாகையோடு, நெஞ்சோடு அணைத்த டேப்போடு, சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத முகத்தோடு நிற்பார்.

பச்சை அட்டையின் படம் வந்த மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியர் அறையில் ஃபெலிசியாவும் ஓவிய ஆசிரியர் ரோனால்டும் இருந்தார்கள். அட்டைகள் அச்சாகி வந்து கட்டுக்கட்டாகக் கிடந்தன. பச்சைத் தலைப்பாகைகளின் ஒரு அடுக்கே என் கண்முன் இருந்தது.

"யார் செய்த வேலை இது?" என்றேன்.

ரோனால்ட் எழுந்து நின்றார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "நான்தான் ஐயா. கறுப்பு வெள்ளையா இருந்தா பிள்ளைங்க பாக்காதுங்க லா. அதான் போன் ஆப்ல போட்டேன். அதுவே கலர் போட்டுக் குடுத்துருச்சு."

"பச்சைன்னு அதுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லத் தேவையில்ல ஐயா. அதுவே ஊகிச்சுக்கும்."

"ஊகிச்சு எங்கப்பாவைக் கட்சி மாத்திருச்சு."

ரோனால்டுக்கு விளங்கவில்லை. ஃபெலிசியாவுக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தவர்கள். காமன் பண்டிகையின் நிறங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உட்கார்ந்து விளக்கினேன். சொல்லி முடிக்கும்போது ரோனால்டின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஐயோ. அப்படினா இது எம்யூ டீம் ஜெர்சி போடுறவருக்கு எதிர் டீம் லிவர்பூல் ஜெர்சி மாட்டிவிட்ட மாதிரியா ஐயா?"

"அதைவிட மோசம்."

ஃபெலிசியா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "மாத்திடலாம் ஐயா. சனிக்கிழமை மத்தப் பள்ளி டீச்சர்ங்க வந்து பெட்டிய வாங்கிட்டுப் போறாங்க. இந்த அட்டைய மட்டும் எடுத்து வச்சிட்டு, புதுசா அடிச்சு அனுப்பிடுவேன். ஆனா ஒண்ணு இருக்கு." எழுந்து போய்ப் பெட்டியின் முதல் அட்டையை எடுத்து வந்து என் முன் வைத்தார். "இதுதான் எங்க மொத அட்டை. பிள்ளைங்களுக்கு மொத பாடமே இதுதான்."

அட்டையில் எழுதியிருந்தது: இதைச் சொல்பவர் யார்? அவர் நேரில் பார்த்தாரா? அவருக்கு வேண்டாதவரும் இதையே சொல்கிறாரா?

"என் வார்த்தை போதாதா டீச்சர்?"

"எனக்குப் போதும் ஐயா. பிள்ளைங்க விடாதுங்க. ஐயா நேர்ல பாத்தீங்களா?"

"தோட்டத்துக் கடைசிப் பண்டிகையில் இருந்தேன்."

"என்ன வயசு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னேன். "ஏணைத் தொட்டிலில் கிடந்தேன்."

ரோனால்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

என் பணிக்காலம் முழுவதும் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவன் நான். முத்திரை இல்லாத கடிதத்தை என் சொந்த அண்ணன் கொண்டுவந்தாலும் வாங்கமாட்டேன். ஆகவே அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதி என்றால் விதி. சனிக்கிழமைக்குள் ஒரு சாட்சி வேண்டும், அதுவும் எங்களுக்கு வேண்டாத சாட்சி. இல்லையென்றால் லாவணி ராமையா பச்சைத் தலைப்பாகையோடு கெடா முழுவதும் போவார்.

அந்தப் பண்டிகையைப் பார்த்த எதிர்க்கட்சிக்காரர்களில் உயிரோடு இருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். செல்லாயி. எரியாத கட்சித் தலைவர் பக்கிரிசாமியின் மகள்.

அவர்கள் குடும்பத்துக்கும் எங்களுக்கும் அடிதடி எதுவும் இல்லை. பேச்சுத்தான் இல்லை. அந்தக் கடைசிப் பண்டிகையில் திடீரென்று மழை வந்து போட்டி நின்றுபோனது, அடுத்த மாசிக்குள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள், ஆட்கள் சிதறிப்போனார்கள். மழை வந்ததால் ஆட்டம் நின்றது, யாரும் தோற்கவில்லை என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. ராமையா தோற்றுவிட்டார் என்பது பக்கிரிசாமி வீட்டுப் பேச்சு. எரிந்துகொண்டிருந்த காமன் உருவத்தைக்கூட மழை பாதியில் அணைத்துவிட்டது, ஆகவே அந்த வருஷம் காமன் எரியவே இல்லை என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில் எதிரே பார்த்தால் நாங்கள் ஒரு பக்கம் பார்ப்போம், அவர்கள் ஒரு பக்கம் பார்ப்பார்கள்.

செல்லாயி மகனோடு லூனாஸில் இருப்பதாகத் தெரியும். "போன் நம்பர் வாங்கிக் கேட்டுரலாமே," என்றாள் குணசுந்தரி. எதிர்க்கட்சியிடம் ஒன்று கேட்பதென்றால் நேரில் போய்க் கேட்பதுதான் முறை. அப்படியானால் தானும் வருவதாகச் சொல்லி, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

லூனாஸில் வரிசை வீடு ஒன்றின் முன்புறம், கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசல் கேட்டருகே நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தை, குறிப்பாக என் மூக்கை.

"அட! எரிஞ்ச கட்சி!" என்றார். "வா தம்பி, வா. கதவு தொறந்துதான் இருக்கு. ராமையா மாமா மூக்க அப்படியே வச்சுக்கிட்டு வந்து நிக்கிற, யாருன்னு வேற சொல்லணுமா? இது யாரு, வீட்டுக்காரம்மாவா? டின்னுல என்னா?"

"முறுக்கு, அக்கா," என்றாள் குணசுந்தரி.

"அப்ப மொதல்ல நீ வா."

நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். கைப்பேசியில் அட்டைப் படத்தைக் காட்டினேன். பச்சையைப் பார்த்ததும் அந்த அம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"எங்கப்பா இருந்து இத பாக்கணுமே! ராமையாவ நம்ம கட்சிக்கு இழுத்தாச்சுடான்னு தோட்டம் முழுக்க மிட்டாய் குடுத்திருப்பாரு."

"சிரிக்க வரலை அக்கா. தலைப்பாகை என்ன கலர்? அதுதான் கேக்க வந்தேன்."

"செவப்பு," என்றார் உடனே. "நல்ல ரத்தச் செவப்பு. அத பாத்தாலே எங்கப்பா காளமாடு மாதிரி மொறைப்பாரு."

எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தேன். "இதைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லணும். டீச்சருக்கு வேண்டாதவங்க சாட்சி வேணுமாம்."

"வேண்டாதவங்கன்னா நான்தான். வர்றேன். வந்து முழுசா சொல்றேன்." முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். "கலரு செவப்பு. ஆனா கடைசியில அது தலையில இல்ல தம்பி. தோள்ல கெடந்துச்சு."

எங்கள் தோட்டத்து லாவணியில் ஒரு முறை உண்டு. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கட்சி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். பதில் பாடிய பிறகுதான் திரும்பக் கட்டலாம்.

"மழை வந்துதான் நின்னது," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"மழை பொறவு வந்துச்சு. மொதல்ல எங்கப்பா கேள்வி வந்துச்சு."

"என்ன கேள்வி?"

"ஒங்கப்பா சொல்லவே இல்லையா?"

சொல்லவில்லை. மழை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

செல்லாயி கீரை வாளியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் தட்டினார். எழுபதைத் தாண்டிய குரல், ஆனால் தாளம் பிசகவில்லை.

"எரிஞ்சான் காமன் எரிஞ்சான் என்று
எட்டூருக்கும் சொன்னவரே
எரிஞ்ச காமன் சாம்பல் என்றால்
எங்களுக்குச் சொல்லுமையா
ஏணையிலே ஆடுகிற
இளவரசன் வந்ததெப்படி?"

குணசுந்தரி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். பயனில்லை. முறுக்கு டின் மடியிலிருந்து உருண்டது.

"அந்த எளவரசன் நீதான் தம்பி," என்றார் செல்லாயி அன்பாக. "மூணாவதா நீ பொறந்து கொஞ்ச நாளுதான் ஆயிருந்துச்சு. ஒங்கம்மா ஓரமா மரத்துல ஏணை கட்டிப் போட்டிருந்தாங்க."

"அப்பா பதில் சொல்லலையா?"

"சொல்லத்தான் எந்திரிச்சாரு. டேப்ப தட்டுனாரு. வாயத் தொறந்தாரு. அந்த நேரம் பாத்து ஏணையில இருந்து நீ வீல்னு கத்துன பாரு! தோட்டமே சிரிச்சிருச்சு."

"அப்பா?"

"அவருந்தான் சிரிச்சாரு. சிரிச்சிக்கிட்டே பாட முடியுமா? தலப்பாவ அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அதுலயே கண்ண தொடச்சுத் தொடச்சுச் சிரிச்சாரு. எங்கப்பாவும் வந்து அவரு முதுகத் தட்டிச் சிரிச்சாரு. அதுக்குப் பொறவுதான் மழை."

என் தகப்பனார் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில்கூடப் புகைப்படக்காரர் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் குணசுந்தரி முந்தானைக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். சுங்கைப்பட்டாணி சிக்னலில் நின்றபோது மெதுவாகக் கேட்டாள்.

"பேசாம பச்சையாவே விட்டுறலாமா? செல்லாயி அக்கா வந்தா தோள்ல கெடந்ததையும் சேத்துத்தான் சொல்லும். அது வாய மூட முடியாது."

அதைத்தான் நானும் எண்ணிக்கொண்டு வந்தேன். பச்சையோடு விட்டால் நிறம் தவறு. தோற்ற கதை வெளியே வராது. சிவப்பைக் கேட்டால் அதோடு தோளும் வரும், ஏணையும் வரும். விளக்கு மாறியது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"சிவப்பு சிவப்பாகத்தான் போகணும்," என்றேன். "தோள்ல கெடக்கறதைத் தலைக்கு ஏத்தறது என் வேலை."

"நீங்க பாடப்போறீங்களா?"

"நான்தானே இளவரசன்."

அதன் பிறகு சனிக்கிழமை வரை எனக்கு வேறு நினைப்பில்லை. பீடோங் பசாரில் மீன்காரர் கெம்போங் மீனை நிறுத்துவிட்டு மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் கையை நீட்டினேன். முடி வெட்டப் போன இடத்தில் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்ததால் கடைக்காரர் கத்தியை எடுத்துவிட்டு, "ஐயா, காது வேணுமா வேணாமா?" என்று கேட்டார். குளியலறையில் வாளியைத் தட்டிப் பார்த்தேன். சிவன் ரதிக்குக் கொடுத்த வரம், எரிந்தவன் உருவமில்லாமல் வாழ்கிறான் என்ற பழைய பதில்கள் எல்லாம் எனக்கும் தெரியும், பக்கிரிசாமி மகளுக்கும் தெரியும். அவை பதிலாகா. கேட்ட கேள்வி சிவலோகத்தைப் பற்றியதல்ல. ராமையா வீட்டு ஏணையைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை மாலை பழைய தோட்டத்து வழியாகக் காரில் வந்தேன். வெயில் காலத்தில் யாரோ சிகரெட்டை எறிந்திருக்க வேண்டும். சாலையோர லாலான் புல் கருகிக் கிடந்தது. நாலு நாளைக்கு முன் ஒரு தூறல் விழுந்திருந்தது. கருகின நிலம் முழுவதும் ஊசி ஊசியாகப் பச்சை. காரை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங்கைத் தட்டினேன். பதில் வந்துவிட்டது.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நல்ல கூட்டம். பாலிங்கிலிருந்தும் கூலிமிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். நீளமான மேசைமேல் கெடா பெட்டிகள். செல்லாயி தன் மகனின் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபெலிசியா முதல் அட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, ஒலிபெருக்கியைச் செல்லாயியிடம் நீட்டினார்.

"அம்மா, நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க ஐயா குடும்பத்துக்கு வேண்டியவங்களா?"

"வேண்டாதவ!" ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள்.

"லாவணி ராமையா கட்டுன தலைப்பாகை என்ன கலர்?"

"செவப்பு. பக்கிரிசாமி மக சொல்றேன், செவப்பு."

நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன். எதிர்க்கட்சியின் வாயால், இத்தனை பேர் முன்னிலையில்.

"ஆனா," என்றார் செல்லாயி.

பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். லூனாஸ் கடை விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல் தொங்கியது. நேரே என்னிடம் வந்தார். "குனி தம்பி." நான் குனியவில்லை. எட்டிப் போட்டார். துண்டு என் தோளில் விழுந்தது. இன்னொரு பச்சைத் துண்டைத் தன் தலையில் சுற்றிக்கொண்டார். பிறகு தோட்டத்து முறையையும், கேள்வியையும், ஏணையையும், மழையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மேசையைத் தட்டிப் பாடியும் காட்டினார். இளவரசன் என்ற இடத்தில் என்னைக் கையால் காட்டினார். பாலிங் ஆசிரியை ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். ரோனால்ட் ஒளிவுமறைவில்லாமல் சிரித்தார்.

நான் நேராக நின்றேன். பள்ளி நடனக் குழுவின் டேப்பு மேசை ஓரத்தில் இருந்தது. எடுத்தேன். நெஞ்சோடு அணைத்தேன். மண்டபம் அடங்கியது.

"எரிஞ்சுபோன லாலான் காட்டில்
எட்டிப் பார்க்கும் பச்சையைப் பார்
எரியவில்லை காடு என்று
எவன் வந்து சொல்லிடுவான்?
எங்கள் கட்சி எரித்ததாலே
உங்கள் கட்சி பச்சையாச்சு
ஏணையிலே கத்தினவன்
எழுந்து வந்து பதில் சொன்னேன்!"

எழுந்த கைத்தட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. 'உங்கள் கட்சி பச்சையாச்சு' என்ற அடியை முன்வரிசைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடினார்கள். செல்லாயி தன் தலையிலிருந்த பச்சையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அடப்பாவி," என்றார்.

நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். அவசரப்படவில்லை. நன்றாக முறுக்கி, தலையில் சுற்றி, நுனியைச் செருகினேன். விலைச்சீட்டு காதருகே ஆடியது, பரவாயில்லை. என் தகப்பனாரின் தலைப்பாகை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

"நல்ல பதில் தம்பி," என்றார் செல்லாயி. "ஒங்கப்பாகூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

"நன்றி அக்கா."

"ஆனா," என்றார்.

மேசையில் அவர் விரல் விழுந்தது.

"எரிஞ்ச லாலான் முளைச்சதென்றால்
வேர் எரியவில்லையடா
வேர் எரியாக் காமனையே
வெந்தான் என்று சொல்லலாமோ?"

கூட்டம் வெடித்தது. லாலான் பிடுங்கிப் பழகாத வீடு கெடாவில் ஏது? மேலே எரித்தால் ஒன்றும் ஆகாது, வேர் கீழே சுகமாக இருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். டேப்பைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை தட்டினேன். பின்வரிசையில் யாரோ ஓர் ஆசிரியையின் கைக்குழந்தை அந்தச் சத்தத்தில் விழித்து வீலென்று கத்தியது.

அவ்வளவுதான். முதலில் குணசுந்தரியின் சிரிப்புக் கேட்டது. அடுத்து செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் பல் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பார்வை மங்கியது. கண்ணைத் துடைக்கத் துணி தேடிய கை தானாகத் தலைக்குப் போனது. தலைப்பாகையை அவிழ்த்து, துடைத்து, தோளில் போட்டுக்கொண்டேன்.

ரோனால்ட் அந்த நேரத்தில் படம் எடுத்திருக்கிறார். அப்பாவின் மூக்கோடு நான்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபெலிசியா தயங்கித் தயங்கி வந்தார்.

"ஐயா, அட்டைய செவப்புல அடிக்கட்டுமா?"

"எந்தக் கலரும் வேண்டாம். டிரெஸர் எடுத்தபடி கறுப்பு வெள்ளையாகவே அடிங்க. கீழே எழுதுங்க: எரிந்த கட்சித் தலைவர் ராமையா. தலைப்பாகை சிவப்பு. சாட்சி, எரியாத கட்சித் தலைவர் பக்கிரிசாமியின் மகள் செல்லாயி. சாட்சி பேர் இல்லாம அச்சடிக்கக் கூடாது."

"தோளு?"

"அதையும் எழுதுங்க," என்றேன். "பின்பக்கம்."

ஃபெலிசியா அதற்கு மேலும் செய்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிவப்புத் துண்டும் ஒரு பச்சைத் துண்டும் வைத்தார். அட்டையின் பின்பக்கம் பக்கிரிசாமி கேள்வி, என் பதில், செல்லாயியின் மறுகேள்வி. அதற்குக் கீழே வெற்றிடம். எந்தப் பள்ளி வேண்டுமானாலும் பதில் பாடி அனுப்பலாம்.

பாலிங்கிலிருந்து முதலில் வந்தது. பிறகு கூலிமிலிருந்து இரண்டு. ஃபெலிசியா எல்லாவற்றையும் எனக்கு அனுப்பினார், நான் எல்லாவற்றையும் கேட்டேன். பாலிங் பிள்ளைகள் நன்றாகவே பாடியிருந்தார்கள்.

"அந்தப் பதிலையே நீங்களும் பாடிறலாமே," என்றாள் குணசுந்தரி. அன்று பள்ளியில் ஒரு பச்சைத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நின்றாள். "காமன் எரிஞ்சு போயிட்டான்னா நமக்கு நாலு பிள்ள எப்படின்னு எனக்கும் ஒரு கேள்வி இருக்கு."

"ராமையா வீட்டுப் பதிலை ராமையா வீடுதான் சொல்லும்," என்றேன்.

எனக்குப் பதில் கிடைக்கப் பத்து நாளாயிற்று. நேற்றுக் காலை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு லூனாஸுக்குப் புறப்பட்டேன். போனில் பாடுவது முறையல்ல. செல்லாயி அதே நாற்காலியில் உட்கார்ந்து புளிச்சக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கார் நின்ற சத்தத்துக்குத் தலையைத் தூக்கவில்லை.

"துண்டு எங்க இருக்கு, தம்பி?"

"தோள்லதான் அக்கா."

கீரையைத் தரையில் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

"கதவு தொறந்துதான் இருக்கு. பாடிக்கிட்டே வா."